பத்ஷீபாவில் ஆடி அமாவாசை

இடிந்த சுவர்களுக்கு நடுவே ஒரு மனிதர் காலடியால் நிலத்தை அளந்துகொண்டு நடக்கிறார். மேலே கூரை இல்லை. பவளக் கல்லால் கட்டிய சுவர்களில் பழைய கரி இன்னும் படிந்திருக்கிறது. ஒரு மூலையில் தொடங்குகிறார், உதடுகள் எண்ணுகின்றன, எதிர்ச் சுவரை அடைந்து நிற்கிறார். எண் தவறிப் போய்விட்டது என்று முகத்தில் தெரிகிறது. திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்குகிறார். வெளியே, இன்னும் ஆள் உயரம் வளராத கரும்பின் மேலாகக் கடற்காற்று நிற்காமல் வீசுகிறது. அந்தக் காற்றிலும் அவருடைய சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கிறது.

சர்வேயர் அங்கிளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். இலங்கையில் நில அளவையாளராக இருந்து, லண்டனிலும் அதே தொழிலைச் செய்து, அதே தொழிலுக்காகச் சிட்னிக்குப் புறப்பட்டவர். கப்பலில் ஏறிய அன்றே மேல்தளத்தை நடந்து அளந்து, கப்பல்காரர் தந்த கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, "மூண்டு அடி வித்தியாசம் இருக்கு பிள்ளை. அது அவங்கட பிழை" என்று சொன்னவர். அப்படிப்பட்டவருக்கு ஒரு சுவரின் நீளம் பிடிபடவில்லை. எனக்குப் பயம் தொடங்கியது அங்கேதான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. சவுத்தாம்டனிலிருந்து சிட்னிக்குப் பனாமாக் கால்வாய் வழியாகப் போகும் பயணிகள் கப்பல்கள் அப்போது இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. லண்டனில் ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்து, ஒரு மருத்துவமனையில் இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துக்கொண்டிருந்த எனக்குச் சிட்னியில் வேலை கிடைத்திருந்தது. தனியாகப் போகும் பெண், விமானத்தில் போயிருக்கலாம். வாழ்க்கையில் ஒருமுறை உலகத்தைச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகக் கப்பலைத் தேர்ந்தெடுத்தேன். எதையும் வரிசைப்படுத்தி எழுதிவைப்பது என் வழக்கம். கப்பல் நிற்கும் முதல் தீவான பார்படோஸுக்கும் ஒரு வரிசை வைத்திருந்தேன்: பழைய நாடாளுமன்றக் கட்டடம், யூதர்களின் தொழுகைக்கூடம், பீரங்கிகள் வரிசையாக நிற்கும் இராணுவத் திடல், காற்றாலை, மலை விளிம்பில் நிற்கும் தேவாலயம். அவற்றில் பாதியைக் காரின் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தேன்.

கப்பலில் தமிழர் என்று இருந்தவர்கள் மூன்று பேர்: நான், சர்வேயர் அங்கிள், அவருடைய மனைவி அன்ரி. சாப்பாட்டு மேசையில் எங்களை ஒன்றாக இருத்தியிருந்தார்கள். அன்ரி அதிகம் பேசமாட்டார். ஆனால் அங்கிளின் தட்டை அவர் பார்க்கும் விதம் ஒரு தாதி நோயாளியின் வெப்பமானியைப் பார்க்கும் விதமாக இருந்தது. அங்கிள் தேநீருக்குச் சீனி போடுவதில்லை. கேட்டபோது, "லண்டன் பல் டொக்டர் பயப்படுத்திப்போட்டான்" என்று சிரித்தார். புடிங் வந்தால் அதை என் பக்கம் தள்ளிவிடுவார். நான் இரண்டையும் சாப்பிட்டுவிட்டு வேறொன்றும் யோசிக்காமல் எழுந்துபோவேன்.

பார்படோஸை அடைவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், இரவுச் சாப்பாட்டு மேசையில் அவர் யாழ்ப்பாணப் பஞ்சாங்கத்தின் ஒரு பக்கத்தை விரித்தார். ஆடி அமாவாசை வருகிறது. தகப்பன் இல்லாத ஆண்கள் விரதமிருந்து, கடலில் நீராடி, எள்ளும் தண்ணீரும் இறைத்து, பிறகுதான் வாயில் சோறு வைக்க வேண்டிய நாள். ஊரில் இருந்தவரையில் கீரிமலைக் கடல் தீர்த்தத்தில் செய்தவர். லண்டனில் இருந்த காலத்திலும் ரயிலேறிக் கடற்கரைக்குப் போய்ச் செய்தாராம். ஒரு வருடமும் தவறவிட்டதில்லை.

"பஞ்சாங்கம் யாழ்ப்பாண நேரத்துக்கு எழுதினது. நாங்கள் நிக்கிறது ஆகாயத்தின்ர மற்றப் பக்கத்தில" என்று சொல்லி, மேசையில் இருந்த கைதுடைக்கும் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். தீர்க்கரேகை, ஒவ்வொரு பாகைக்கும் இவ்வளவு நிமிடம், கப்பல் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளிய தடவைகள் எல்லாம் அதில் இருந்தன. முடிவு இதுதான்: யாழ்ப்பாணத்தில் அமாவாசைத் திதி இரவில் தொடங்கினாலும் எங்களுக்கு அது தீவை அடைவதற்கு முந்திய நாள் காலையிலேயே தொடங்கிவிடும். நாங்கள் தீவில் இறங்கும் நாளில் முற்பகலிலேயே முடிந்தும் விடும். தாளை என்னிடம் நீட்டினார். சரிபார்த்தேன். கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

"அப்ப திதி துவங்கின நேரத்தில இருந்து விரதம். கடலில முழுகி முடியுமட்டும் பச்சைத் தண்ணியும் இல்லை" என்றார் அங்கிள்.

அன்ரி கரண்டியைக் கீழே வைத்தார். "இஞ்சேருங்கோ, அது ரெண்டு நாள் பட்டினியெல்லே. ஊரில மத்தியானத்தோட முடியிற விரதம்."

"ஊரில சூரியன் வேற நேரத்தில உதிக்குது. அதுக்கு நானென்ன செய்ய?"

"மேலை நீச்சல் குளம் இருக்கு. அதுக்குள்ளயும் கடல் தண்ணிதானாம். முதல் நாளே அதுக்குள்ள முழுகிப்போட்டுச் சாப்பிடுங்கோவன்."

"அதுக்குள்ள வெள்ளைக்காரப் பிள்ளையள் மூத்திரம் பெய்யுதுகள். என்ர அப்பரை அதுக்குள்ளயோ வந்து நில்லுங்கோ எண்டு கூப்பிடச் சொல்லுறீர்?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அங்கிளும் சிரித்தார். "காத்தோட்டிக்காய்க் கறிக்குத்தான் எங்க போறதெண்டு தெரியேல்லை" என்றார். அந்த ஒரு நாளுக்காகவே யாழ்ப்பாணத்தில் சமைக்கப்படும் கசப்புக் காய் அது. கப்பல் சமையற்காரனிடம் அதைக் கேட்டுப் பார்க்கட்டுமா என்று நான் பகிடி விட்டேன். அன்ரி மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் கடல் அமைதியாக இருந்தது. விரதம் தொடங்கிய அன்று அங்கிள் தளத்தில் சாய்வு நாற்காலியில் கிடந்தார். முற்பகலில் உற்சாகமாகப் பேசினார். பின்னேரம் தலை வலிக்கிறது என்றார். அன்ரி ஒரு குவளையில் பாலைக் கொண்டுவருவதும், அவர் முகத்தைத் திருப்புவதும், அன்ரி குவளையைத் திரும்பக் கொண்டுபோவதும் பலமுறை நடந்தன. கணவன் மனைவிக்குள் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்து நான் வேறு பக்கம் போய் உட்கார்ந்தேன். சூரியன் இறங்கும்போது தண்ணீர் ஈயத்தின் நிறத்தில் கிடந்தது. புயற்காலத்தின் உச்சம் இனித்தான் தொடங்குகிறது என்று ஒரு கப்பல் ஊழியர் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார்.

காலையில் பிரிட்ஜ்டவுன் துறைமுகத்தில் இறங்கினோம். என்னையும் தங்களோடு வரச்சொல்லி அன்ரிதான் கேட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "நீரும் வாரும் பிள்ளை. ஹொஸ்பிட்டலில வேலை செய்யிற ஆள் ஒண்டு பக்கத்தில இருந்தா நல்லம்." ஏன் என்று கேட்பதற்குள் அங்கிள் ஒரு டாக்சியை நிறுத்திவிட்டார். பழைய மொறிஸ் கார். ஓட்டுநர் நடுவயதுக்காரர், உயரமானவர், பயணிகளுக்குத் தீவின் சரித்திரம் சொல்லிச் சொல்லிப் பழகியவர். கடலில் நீராட வேண்டும் என்றதும் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் மேற்குக் கரையைக் காட்டினார். கண்ணாடி போன்ற தண்ணீர், குழந்தையும் குளிக்கலாம் என்றார். அங்கே ஓட்டல் குடைகளின் கீழ் எண்ணெய் பூசிக் கிடந்தவர்களைப் பார்த்த அங்கிள், "உதுக்குள்ள தர்ப்பணமோ" என்று தலையை ஆட்டிவிட்டார். கீரிமலை மாதிரித் திறந்த கடல் வேண்டும் என்றார். அப்படியென்றால் தீவின் மறுபக்கம், பத்ஷீபா, ஆனால் அங்கே யாரும் நீந்துவதில்லை, அடிநீரோட்டம் ஆளை இழுத்துவிடும் என்றார் ஓட்டுநர். "நான் நீந்த வரேல்லை, முழுகத்தான் வந்தனான்" என்று அங்கிள் ஆங்கிலத்தில் சொன்ன விதத்தில் ஓட்டுநர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

நாடாளுமன்றக் கட்டடத்தின் மணிக்கூண்டு கண்ணாடியில் வந்து போயிற்று. இராணுவத் திடலும், அதைச் சுற்றிக் கடலைப் பார்த்து நின்ற பீரங்கிகளும் போயின. பிறகு நகரம் முடிந்து இரண்டு பக்கமும் கரும்பு. பாதை ஒடுங்கி, கரும்புக்குள் இறங்கி ஏறிப் போயிற்று. கரும்பையும் வானத்தையும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஏற்றத்தில் கார் சூடேறி முனகத் தொடங்கியது. பழைய சீனி ஆலை ஒன்றின் முன்னால் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, குளிர விடவேண்டும் என்றார்.

நாங்கள் இறங்கி உள்ளே போனோம். செட்டைகள் இழந்த காற்றாலையின் கூம்பும், அதன் அருகே கரும்புச்சாறு காய்ச்சிய கொதிகூடமும் நின்றன. ஓட்டுநர் தன் வழக்கமான விளக்கத்தைத் தொடங்கினார். ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் அறுவடைக் காலத்தில் இரவும் பகலும் இங்கே வேலை செய்தார்கள். கரும்பை உருளைகளுக்குள் ஊட்டுகிறவர் தூக்கக் கலக்கத்தில் கையை விட்டுவிட்டால் காற்றாலையை உடனே நிறுத்த முடியாது. அதனால் உருளைகளின் பக்கத்தில் எப்போதும் ஒரு கூரிய கோடரி சாத்தி வைத்திருப்பார்களாம். கையை வெட்டி ஆளைக் காப்பாற்றுவதற்கு. அவர் இதைச் சாதாரணக் குரலில் சொன்னார். சொல்லிவிட்டு, கோடரி இருந்த இடம் என்று காற்றாலையின் வாசலைக் காட்டினார்.

அன்ரி அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிள் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர் சுவரை அளக்கத் தொடங்கியிருந்தார். முதல் முறை எண்ணை உரக்கச் சொன்னார். இரண்டாம் முறை வேறொரு எண் வந்தது. மூன்றாம் முறை பாதியில் நின்று, "உந்தச் சுவர் அசையுது" என்றார்.

"கார் ஆறியிருக்கும். வாங்கோ போவம்" என்றார் அன்ரி.

"நீர் சும்மா இரும். எண்ணேக்குள்ள கதைக்கக்கூடாதெண்டு எத்தினை தரம் சொல்லுறது? மடைச்சி!"

அதற்கு முன் அவர் அன்ரியிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அன்ரியும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் கோபப்படவில்லை. அவருடைய முகம் வெளுத்தது.

மீண்டும் காரில் ஏறியபோது என் மனம் தன் வழக்கப்படி வரிசைப்படுத்திக்கொண்டிருந்தது. வியர்வை. நடுங்கும் விரல்கள். காரணமில்லாத கோபம். எண் தவறுவது. ஒன்றரை நாள் பட்டினிக்கு இவ்வளவும் வருமா? விரதக்காரர்களை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் சோர்ந்துபோவார்கள். இது சோர்வு இல்லை. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்ற எண்ணம் விரலிடுக்கில் சிக்கிய நூல்போல உறுத்தியது, ஆனால் எங்கே என்று வரவில்லை. கார் மலை விளிம்பைத் தாண்டியது. கீழே அத்திலாந்திக் முழுதும் ஒரே வெள்ளை நுரையாக விரிந்திருந்தது.

பத்ஷீபாக் கரையில் வீட்டளவு பாறைகள் நிற்கின்றன. அலை அடியை அரித்து அரித்து, அவை காளான்களைப்போல ஒடுங்கிய காலில் பெரிய தலையோடு நிற்கின்றன. கரையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. சற்றுத் தள்ளித் தெருவோரத்தில் ஒரு சிறிய சாராயக்கடை மட்டும் திறந்திருந்தது. அங்கிள் சட்டையைக் கழற்றிக் காருக்குள் எறிந்துவிட்டு, லண்டனிலிருந்து பொதிசெய்து கொண்டுவந்த வேட்டியைக் கட்டி, விரலில் தர்ப்பைப் புல்லை மாட்டினார். முடிச்சுப் போட அவரால் முடியவில்லை. அன்ரி போட்டுவிட்டார். எள்ளுப் பொட்டலத்தை அன்ரியின் கையிலிருந்து பறித்துக்கொண்டு, முழங்காலளவு தண்ணீரில் இறங்கித் தெற்கே பார்த்து நின்றார்.

இறைக்கும்போது யாருக்காக என்று தகப்பனின் பெயரைச் சொல்லவேண்டும். அங்கிள் கையில் தண்ணீரை அள்ளினார். வாயைத் திறந்தார். தண்ணீர் விரல்களுக்கிடையே வழிந்து முடிந்தது. மறுபடி அள்ளினார். அதுவும் வழிந்தது. அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். ஒரு நடுவயது மனிதரின் முகத்தில் அப்படியொரு பார்வையை நான் அதற்கு முன் கண்டதில்லை. கடைத்தெருவில் தாயின் கையைத் தவறவிட்ட பிள்ளையின் பார்வை.

"அப்பான்ர பேர் என்ன?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்துப் பெண்கள், அன்ரியின் வயதில் இருப்பவர்கள், கணவனின் பெயரையே வாயால் சொல்லமாட்டார்கள். மாமனாரின் பெயரை நினைக்கவும் கூசுவார்கள். அன்ரி கல்யாணம் செய்த நாளிலிருந்து அந்தப் பெயரை ஒருமுறையும் உச்சரித்திருக்கமாட்டார். அவர் செருப்போடு தண்ணீருக்குள் இறங்கி, அலையின் இரைச்சலுக்கு மேலாக அதைக் கத்திச் சொன்னார். இரண்டாம் தரமும் கத்தினார்.

அங்கிள் புருவத்தைச் சுருக்கினார். "அது ஆர்?" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. லண்டனில் எங்கள் ஆய்வுகூடத்தின் வெளியே ஒரு வாங்கு உண்டு. வெறும் வயிற்றோடு வந்து இரத்தத்தில் சீனி பார்ப்பவர்கள் அதில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர், முந்திய இரவு சாப்பிடாமல் காலையில் நீரிழிவுக்கான தன் குளிசையை மட்டும் விழுங்கிவிட்டு வந்தவர், வேர்த்து வழிந்து, தாதியைத் திட்டி, தன் விலாசத்தை மறந்து, அந்த வாங்கிலிருந்தே சரிந்தார். நான் அன்ரியின் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"அன்ரி, அங்கிளுக்குச் சலரோகம் இருக்கோ? குளிசை போடுறவரோ?"

அன்ரி என்னைப் பார்த்தார். பதில் உதடுவரை வந்து நிற்பது தெரிந்தது. அதற்குள் அலை வந்தது. அங்கிள் முகம் குப்புற விழுந்தார். அடிநீரோட்டம் அவரைப் பாறைகளின் பக்கம் உருட்டியது. ஓட்டுநர் சப்பாத்தோடு பாய்ந்து ஒரு கையைப் பிடித்தார், நான் வேட்டியைப் பிடித்தேன். இருவருமாக மணலுக்கு இழுத்துவந்தோம். கண்கள் திறந்திருந்தன, ஆனால் எதையும் பார்க்கவில்லை. பற்கள் கிட்டியிருந்தன.

"ஓம்" என்று அன்ரி அழத் தொடங்கினார். "ஓம் பிள்ளை, இருக்கு. நேற்றும் போட்டவர், இண்டைக்கும் போட்டவர். டொக்டர் ஒரு நாளும் விடக்கூடாதெண்டு சொன்னவராம்."

சீனி வேண்டும் என்று ஓட்டுநரிடம் சொன்னேன். கரும்புக்குள் பிறந்து வளர்ந்த அந்த மனிதர் ஒரு கணம் என்னை விளங்காமல் பார்த்தார். பிறகு சாராயக்கடையை நோக்கி ஓடினார். ஒரு தாளில் மண்ணிறச் சீனியும், ஒரு போத்தல் இனிப்புப் பானமும் கொண்டு வந்தார். அங்கிளை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, சீனியை ஈரவிரலில் எடுத்துக் கன்னத்தின் உட்புறத்தில் தேய்த்தேன். மீண்டும் எடுத்துத் தேய்த்தேன். அன்ரி அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு, சற்று முன் கத்திச் சொன்ன அந்தப் பெயரையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார், மாமனாரை உதவிக்குக் கூப்பிடுகிறவர்போல. நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அலை வந்து எங்கள் பாதங்களைத் தொட்டுவிட்டுப் போயிற்று. பிறகு அங்கிளின் தாடை அசைந்தது. விழுங்கினார். பானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினோம். கடைசியில் அவர் என்னை என்னாக, அன்ரியை அன்ரியாகப் பார்த்தார்.

முதலில் கேட்டது, "நேரம் என்ன?" ஓட்டுநர் சொன்னார். அங்கிள் கண்ணை மூடிக்கொண்டார். திதி முடிந்துபோயிருந்தது.

திரும்பும் வழியில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். விசா கிடைத்த பிறகுதான் இந்தச் சலரோக வருத்தம் தெரிய வந்ததாம். மருத்துவப் பரிசோதனை முன்பே முடிந்துவிட்டது. வீட்டை விற்று, வேலையை விட்டு, எல்லாம் கட்டியாயிற்று. இது கப்பல் டாக்டரின் காதுக்குப் போனால் சிட்னிக்கு அறிவிப்பார்கள், இறங்க விடமாட்டார்கள், விட்டாலும் அரசாங்க வேலை போய்விடும். "இப்ப சுகம்தானே பிள்ளை. ஒருத்தருக்கும் தெரியத் தேவையில்லை."

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சாப்பிட்ட சீனி சீக்கிரம் கரைந்துவிடும். சீனியை இறக்கும் அந்தக் குளிசையின் வேலை நாளைக்கும் உடம்பில் இருக்கும். மறுபடியும் இறங்கும். அப்போது நித்திரையில் இருந்தால் யாருக்கும் தெரியாது. குளிசையை நிறுத்து என்றோ போடு என்றோ சொல்ல நான் டாக்டர் இல்லை. கப்பலில் ஒருவர் இருக்கிறார்.

"நீ சொன்னா என்ர வாழ்க்கை அதோட முடிஞ்சுது" என்றார் அங்கிள்.

"சொல்லாட்டியும் முடியலாம் அங்கிள்" என்றேன். என் குரல் அமைதியாகத்தான் இருந்தது. கைகள் சீனிப் பிசுக்கோடு மடியில் ஒட்டிக்கிடந்தன. கப்பல் கயிறு அவிழ்ப்பதற்கு முன் அவரே போய்ச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் போவேன் என்று சொன்னேன். கரும்புத் தோட்டங்கள் மறுபக்கமாக ஓடின. ஓட்டுநர் இந்த முறை சரித்திரம் எதுவும் சொல்லவில்லை.

கப்பலில் ஏறியதும் அங்கிள் தான் படுக்கப்போவதாகச் சொல்லி அறைக்குள் போனார். நான் டாக்டரின் அறை இருக்கும் தளத்துக்குப் படியிறங்கினேன். அன்ரி பின்னாலேயே வந்து என்னை மறித்தார். சேலையின் கீழ்ப்பகுதி உப்பில் விறைத்திருந்தது.

"நீர் வரவேண்டாம் பிள்ளை. நீர் சொன்னா உம்மை வாழ்நாள் முழுக்கத் திட்டுவார். ஊர் முழுக்கச் சொல்லித் திரிவார். நீர் புது இடத்தில வேலைக்குப் போற பொம்பிளைப்பிள்ளை. நான் சொன்னா என்னைத்தானே."

அவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார். நான் வெளியில் நின்றேன்.

அன்று கப்பல் துறைமுகத்தை விட்டு விலகி, சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருந்தபோது அங்கிளுக்கு மறுபடியும் சீனி இறங்கியது. அப்போது அவர் கப்பலின் சிறு மருத்துவ அறையில், கையில் ஊசியேற்றிப் படுத்திருந்தார். அறையில் தனியே விட்டிருந்தால் விடிந்திருக்காது என்று டாக்டர் அன்ரியிடம் சொன்னார். அங்கிளிடமும் சொன்னார். அங்கிள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பசிபிக் சமுத்திரம் முழுவதும் அந்த மௌனம் எங்களோடு வந்தது. சிட்னியில் கப்பல் கரைசேர்ந்ததும் சுகாதார அதிகாரி ஒருவர் ஏறிவந்து, அவர்கள் இருவரையும் மட்டும் கூடத்தில் காத்திருக்கச் சொன்னார். என்னைக் கூட்டிப்போக மருத்துவமனையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். நான் படியில் நின்று திரும்பிப் பார்த்தேன். காலியான கூடத்தில் இரண்டு கதிரைகளில் இருந்தார்கள், நடுவில் மூன்றாவது ஒன்று காலியாக இருந்தது.

அவர்களை நாட்டுக்குள் விட்டார்கள். அங்கிள் பயந்த இரண்டில் ஒன்று நடக்கவில்லை, மற்றது நடந்தது. அரசாங்கத்தின் நிரந்தர வேலைக்கு உடம்பு தகுதியில்லை என்று ஆயிற்று. சிட்னிக்குள்ளேயே பரமட்டாவில் ஒரு சிறிய அலுவலகத்தில், மற்றவர்கள் அளந்துகொண்டு வந்த நிலத்தை வரைபடமாக்கும் வேலை கிடைத்தது. வெளியே போய் அளக்கும் வேலை அவருக்குப் பிறகு கிடைக்கவேயில்லை. பத்ஷீபாவிலிருந்து திரும்பிய அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு, டாக்டரிடம் சொன்னவர் அன்ரி என்பதால், அவர் அன்ரியோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நான் மாதத்தில் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போவேன். என்னோடு நன்றாகப் பேசுவார், பகிடி விடுவார், என் வேலையைப் பற்றிக் கேட்பார். அன்ரிக்குச் சொல்லவேண்டியதை என் மூலமாகச் சொல்வார். "தேத்தண்ணி இருக்கோ எண்டு கேளும் பிள்ளை." அன்ரி அடுத்த நிமிடம் தேநீரோடு நிற்பார். நான் இல்லாத நாட்களில் வானொலியைப் பார்த்துச் சொல்வாராம். ஒரு நாள் அன்ரி குசினிக்குள் இருந்தபோது, அந்த ஒருவரால்தானே நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று நான் நேரடியாகவே கேட்டேன். "அது எனக்குத் தெரியும் பிள்ளை. தெரிஞ்சபடியாத்தான் அவவோட கதைக்க ஏலாமல் இருக்கு" என்றார் அங்கிள்.

அவருடைய குளிசை, சாப்பாட்டு நேரம், சிறுநீர்ப் பரிசோதனை எல்லாவற்றையும் அன்ரியே பார்க்கிறார். சோதனைக் குழாயில் நிறம் மாறுவதை எப்படி வாசிப்பது என்று நான் காட்டிக்கொடுத்தேன். நிறத்தைப் பார்த்து, அன்றைய சோற்றின் அளவை அன்ரி தீர்மானிப்பார். அங்கிள் தட்டில் இருப்பதை இருந்தபடி சாப்பிடுவார். குறைவென்றும் சொல்லமாட்டார், கூடவென்றும் சொல்லமாட்டார்.

இந்த வருடம் ஆடி அமாவாசைக்கு அவர்களைச் சிட்னியின் மரூப்ராக் கடற்கரைக்கு நான்தான் காரில் கொண்டுபோனேன். இந்த நாட்டில் ஆடி என்பது குளிர்காலத்தின் நடு. காற்று பல்லைக் கிட்டவைத்தது. அங்கிள் விடியற்காலையிலேயே அன்ரி வைத்த பாலும் பழமும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். அது விரதமா என்று யாரும் கேட்பதில்லை. அவர் வேட்டியோடு தண்ணீருக்குள் இறங்கினார். முழங்காலளவு போய் நிற்பார் என்று நினைத்தேன். இடுப்பளவு போனார். அதற்கும் அப்பால் போனார். அலை அவருடைய தோளில் உடைந்தது.

அன்ரி சீனி கலந்த தோடம்பழச் சாறு நிரப்பிய ஒரு சிறிய போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தண்ணீர் விளிம்பில் நின்றார். அவருடைய கண் அங்கிளின் முதுகை விட்டு அசையவில்லை. கூப்பிடவேண்டும்போல எனக்கு வாய் எழுந்தது.

"ஒவ்வொரு வரியமும் கொஞ்சம் தள்ளித்தான் போறார்" என்றார் அன்ரி, என்னைப் பார்க்காமலே. "நான் கூப்பிட்டா நிக்கமாட்டார். அதுதான் கூப்பிடுறேல்லை."

"அன்ரி, இப்படி எத்தினை காலத்துக்குப் பேசாமல் இருப்பார்?"

"இருக்கட்டும் பிள்ளை. என்னோட கதைக்காமல் இருக்கிறதுக்கும் அவர் இருக்கவேணுமே."

அங்கே தண்ணீருக்குள், அங்கிள் கையை உயர்த்தித் தகப்பனின் பெயரைச் சொன்னார். காற்று எங்கள் பக்கமாக வீசியதால் தெளிவாகக் கேட்டது. அன்ரி போத்தலின் மூடியைத் திறந்து, செருப்பைக் கழற்றாமலே இரண்டடி தண்ணீருக்குள் போய் நின்றார்.